ஆச்சியின் பாம்படம், ஒரு 4×5 கேமரா: எந்த லென்ஸ், எந்த ஃபிலிம்?

தாமிரபரணிக்காரன்

வணக்கம். இத்தனை நாளா ஓரமா நின்னு படிச்சிட்டுப் போறவன், இப்பதான் முதல் தடவையா கேள்வி கேக்கேன்.

எங்க ஆச்சிக்கு 88 வயசு. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். காது வளர்த்துப் பாம்படம் போட்ட தலைமுறை. எங்க தெருவுல இப்ப அந்தக் காதோட இருக்கது ஆச்சி ஒருத்தர்தான். ஆனா பாம்படம் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. போட்டா காது இழுக்குன்னு கழத்தி வெச்சு ரொம்ப வருஷமாச்சு. நான் கெஞ்சினதுல, "பத்து நிமிஷம் போட்டுக்கிடுதேன், அதுக்குள்ள எடுத்துக்கோ"ன்னு சொல்லியிருக்காவ.

கையில இருக்கது பழசா வாங்கின மர 4×5 ஃபோல்டிங் கேமரா, நாலுக்கு அஞ்சு இஞ்ச் ஃபிலிம் ஷீட் போடுறது. கூடவே வந்த லென்ஸ் சிம்மர்-எஸ் 150 மி.மீ., எஃப் 5.6. பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல இருக்க துருத்தியை, முழுசா இழுத்தா 12 இஞ்ச்தான் வரும். ஃபிலிம் ஹோல்டர் ரெண்டு, ஒண்ணுக்கு ரெண்டு ஷீட், ஆக மொத்தம் நாலு. மச்சினனை உக்கார வெச்சு தலையும் தோளும் நிறைய வர்ற மாதிரி ஒண்ணு எடுத்துப் பார்த்தேன். மூக்கு முந்திக்கிட்டு வருது, காது பின்னால எங்கயோ போயிட்டு. எனக்கு வேண்டியதே காதுதான்.

அதனால 210 மி.மீ. லென்ஸ் வாங்கவா, 300 வாங்கவா? இல்லன்னா வெளிநாட்டுல ஒருத்தர் பெட்ஸ்வால்ங்குற பழைய பித்தளை லென்ஸ் ஒண்ணு விக்காரு, அதுக்குப் போகவா? கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல எச்பி5-ஆ எஃப்பி4-ஆ? ஸ்கேன் சென்டர்ல வேலை பாக்குற சேக்காளி எக்ஸ்ரே ஃபிலிம் வேணும்னாலும் தாரேங்கான். கலர் வேண்டாம்.

இன்னொண்ணு. தாத்தா கல்லிடைக்குறிச்சியில ஸ்டூடியோ வெச்சிருந்தாவ. அவுகளோட கேமரா ஆலப்புழையில செஞ்ச வாகீஸ்வரி, அரைத்தட்டு சைஸ், 4×5-ஐவிடப் பெருசு. தேக்கும் பித்தளையும் அப்படியே இருக்கு, பெல்லோஸை மட்டும் பூச்சி அரிச்சிட்டு. அதுல இருக்க லென்ஸ்ல 'கார்ல் ஸெய்ஸ் யேனா, டெஸ்ஸார், 1:4.5, 21 செ.மீ.'ன்னு எழுதியிருக்கு. ஷட்டர் கிடையாது. அதனால அதை நான் கணக்குல சேக்கல.

வைகைக்கரை

எங்க மதுரைப் பக்கம் அதைத் தண்டட்டின்னு சொல்வோம். எங்க அப்பத்தா காதுல பாத்திருக்கேன்.

யோசிக்காம எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குங்க. 8×10 ஷீட்டை நாலா வெட்டிக்கலாம், ஒரு டப்பா வாங்கினா வருஷக்கணக்குல ஓடும். சிவப்பு விளக்கைப் போட்டுக்கிட்டு டிரேயில படம் மேல வர்றதைக் கண்ணாலயே பாத்து எடுக்கலாம். வயசானவங்க முகத்துல சுருக்கம் ஒவ்வொண்ணும் பனந்தூர் மாதிரி வரும்.

ஒரு எச்சரிக்கை. சரியா நாலுக்கு அஞ்சுன்னு வெட்டினா ஹோல்டருக்குள்ள நுழையாது. நிஜ 4×5 ஷீட்டே அந்த அளவுக்கு ஒரு நூல் குறைச்சல்தான், நீளத்துலயும் அகலத்துலயும் ஒன்றரை மில்லி சீவணும். அப்புறம் இதுல ரெண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது படம் பதியுற பூச்சு. டிரே அடியில உரசினா கீறல்தான். எனக்கு முதல் ஆறு ஷீட் அப்படித்தான் போச்சு. இப்ப டிரேக்குள்ள ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டு அதுமேலதான் அலசுறேன்.

கருப்புத்துணி

தம்பி, கணக்குல சேக்கலைன்னு கடைசியா சொன்னீங்களே, அதுதான் உங்க லென்ஸ்.

முதல்ல தூரத்தைப் பாப்போம். தலை, தோள், தொங்குற பாம்படம் எல்லாம் அடங்கணும்னா சுமார் அரை மீட்டர் உயரம் வேணும். அது 12 செ.மீ. ஃபிலிம்ல விழணும், அதாவது கால் பங்கு. இந்த அளவுக்கு 150-ஐ ரெண்டரை அடியில கொண்டுபோய் நிறுத்தணும். அவ்வளவு கிட்டப் போனா யாருக்கும் மூக்கு பெருசாத்தான் தெரியும், லென்ஸ் மேல குத்தமில்லை. 210-னா மூணரை அடி. 300-னா அஞ்சு அடி, முகத்துக்கு அதுதான் இன்னும் அழகு. ஆனா அந்தத் தூரத்துல 300-க்கு பெல்லோஸ் 375 மி.மீ. இழுக்கணும். உங்களுக்கு 12 இஞ்ச், அதாவது 305. வாங்கினா அலமாரியில வெச்சு அழகு பாக்கலாம். 210-க்கு 262 போதும்.

பெல்லோஸ் அவ்வளவு நீளும்போது வெளிச்சம் குறையும். 262-ஐ 210-ஆல வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்க: 1.56. ஏறத்தாழ மூணுல ரெண்டு பங்கு ஸ்டாப் கூட்டிக் கொடுக்கணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). புதுசா வர்றவங்க பாதிப்பேர் இதை மறந்துட்டு ஃபிலிம் மேல பழி போடுவாங்க.

பெட்ஸ்வால் வேண்டாம். 1840-ல வியன்னாவுல வந்த டிசைன். அந்தக் காலத் தட்டுக்கு நிமிஷக்கணக்குல உக்காரணும், அந்தக் கொடுமைக்கு மருந்தா வந்தது. நடுவுல கத்தி மாதிரி கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகச் சுழன்டு கரையும். கண்ணை நடுவுல வெச்சா பாம்படம் விழுறது அந்த ஓரத்துலதான். காசும் போகும், பாம்படமும் போகும்.

டெஸ்ஸார் 1902-ல வந்தது, நாலே கண்ணாடி. அரைத்தட்டுக்கு 21 செ.மீ. சாதாரண லென்ஸ், அதனால 4×5-ஐ தாராளமா மூடும், மிச்சமும் இருக்கும். முதல்ல டார்ச் அடிச்சு உள்ள பூஞ்சை இருக்கா பாருங்க. பழைய கண்ணாடி, கோட்டிங் இருக்காது. பின்னால ஜன்னல் வெளிச்சம் இருந்தா படம் பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். லென்ஸுக்கு மேல கையையோ அட்டையையோ நிழலாப் பிடிங்க. கோட்டிங் இல்லாததால கான்ட்ராஸ்ட் கொஞ்சம் அடங்கி வரும். வெள்ளை முடியும் கறுத்த முகமும் சேர்ந்த படத்துக்கு அது லாபம்தான்.

லென்ஸ் வாயை முழுசாத் திறந்து எஃப் 4.5-ல எடுக்கணும்னு ஆசை வரும், வேண்டாம். 5.6-லயே முன்பின்னா ரெண்டே செ.மீ.தான் கூர்மை, எஃப் 11-ல நாலரை. முகத்தை முக்கால்வாசி திருப்பி உக்கார வெச்சா பக்கத்துக் கண்ணைவிடக் காது ஒரு நாலு செ.மீ. பின்னால இருக்கும். லென்ஸ் பலகையை அந்தக் கன்னத்துக்கு இணையா வர்ற பக்கமா நாலஞ்சு டிகிரி திருப்புங்க. பின்னால ஃபோகஸ் பாக்குற கிரவுண்ட் கிளாஸ்ல லூப்பை (சின்ன பூதக்கண்ணாடி) வெச்சுப் பாத்தா கண்ணும் பாம்படமும் ஒண்ணா வந்து உக்காரும். அந்தப் பக்கத்துக் கண் மெத்துன்னு போகும், போகட்டும்.

ஃபிலிம் எஃப்பி4. வைகைக்கரை சொன்ன எக்ஸ்ரே ஃபிலிம் பழகுறதுக்கு அருமையான சாமான், நானும் போடுறேன். ஆனா அதுக்குச் சிவப்பே தெரியாது. நம்ம ஆளுங்க தோல்ல இருக்கற செம்பழுப்பு அதுல கரியா விழும், தங்கமும் மங்கும். உங்க தாத்தா காலத்துக் கண்ணாடித் தட்டுகள்லயும் அதே வியாதி உண்டு. பவுடர் அப்பி உக்கார வெச்சதும், நெகட்டிவ்ல பென்சிலால முகத்தைத் தீத்தினதும் சும்மா இல்லை. எச்பி5-ம் நல்லதுதான், ஆனா ஷட்டர் இல்லாத லென்ஸுக்கு 400 வேகம் ஜாஸ்தி.

ஷட்டருக்குப் பதிலா லென்ஸ் மூடிதான். எஃப்பி4 வேகத்தை 100-ன்னு வெச்சுக்கங்க. திண்ணையில எடுக்காதீங்க, முற்றத்து வெளிச்சம் விழுற உள்கூடத்துல எடுங்க. பகல்ல அங்க எஃப் 11-க்கு, பெல்லோஸ் கணக்கையும் சேத்து, ஒரு செகண்ட் பக்கம் வரும். மீட்டர்ல பாத்துக்கங்க. ஒரு செகண்ட் வரைக்கும் இந்த ஃபிலிமுக்கு மேற்கொண்டு எதுவும் கூட்ட வேண்டாம். மூடியை முதல்ல லேசாத் தளர்த்தி, லென்ஸுக்கு முன்னாலயே அரை இஞ்ச் தள்ளிப் பிடிச்சு, ஆட்டம் அடங்கினதும் மேல தூக்குங்க. "ஆயிரத்தி ஒண்ணு"ன்னு சொல்லி இறக்குங்க. ஸ்பாட் மீட்டரால முகத்தை அளந்தா, அது காட்டுறதைவிட ஒரு ஸ்டாப் குறைச்சுக் கொடுங்க. இல்லன்னா ஆச்சி வெளுத்துப் போயிடுவாங்க.

இதையெல்லாம் சரியாப் பண்ணியும் படம் கெடுறது ஒரு இடத்துல. ஃபோகஸ் பண்ணி, ஹோல்டரைச் சொருகி, ஃபிலிமை மறைக்கிற ஸ்லைடை உருவறதுக்குள்ள உக்காந்தவங்க ஒரு விரக்கடை முன்னால சாய்ஞ்சிருப்பாங்க. என் மாமனாரை எடுத்தப்ப நாலு ஷீட்லயும் சட்டைப் பட்டன்தான் கூர்மை. அதுக்கப்புறம் கறுப்பு நூல்தான். ஒரு முனையை லென்ஸ் பலகைத் திருகுல கட்டிடுவேன். ஃபோகஸ் ஆனதும் நூலை அவங்க கண்ணோரம் வரைக்கும் இழுத்து, தொடுற இடத்துல ஒரு முடிச்சு. ஸ்லைடை உருவினப்புறம் நூலை மறுபடி இழுத்துப் பாப்பேன், முடிச்சு கண்ணோரத்துல நிக்கணும். நிக்கலைன்னா, "கொஞ்சம் பின்னால"ம்பேன். நூலை விட்டுட்டு மூடியைத் தூக்குவேன். ஃபோகஸ் பாக்கத் தலையில போத்துற துணிக்குள்ள இருந்து வெளிய வந்து கேமரா பக்கத்துல நில்லுங்க. ஆச்சி உங்களைப் பாக்கட்டும், லென்ஸைப் பாக்க வேண்டாம். அமெரிக்க போட்டோகிராஃபர் ரிச்சர்ட் அவெடன் 8×10-ல எடுத்தப்பவும் கேமராவுக்குப் பக்கத்துலதான் நின்னார்.

அரைத்தட்டு

கருப்புத்துணி ஐயா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனா பத்து நிமிஷம், நாலு ஷீட், 88 வயசு. இதுல பரிசோதிக்காத லென்ஸும் மூடியுமா? எனக்கு மனசு ஒப்பலை. எங்கிட்ட நிக்கோர்-டபிள்யூ 210 இருக்கு, எஃப் 5.6, கோப்பல் 1 ஷட்டரோட. சும்மாதான் கிடக்கு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வந்தா வாங்கிக்கங்க, காசு வேண்டாம். ரெண்டு ஷீட் இதுல, ரெண்டு ஷீட் அதுல.

150-ஐயும் வித்துடாதீங்க. எட்டடி தள்ளி நின்னு ஆச்சியைக் கதவு நிலையோட சேத்து ஒண்ணு எடுத்துப் பாருங்க. முகம் மட்டும்தான் போர்ட்ரெய்ட்னு யார் சொன்னது?

தாமிரபரணிக்காரன்

அண்ணாச்சிமாரே, மூணு வாரம் கழிச்சு வாரேன், மன்னிக்கணும்.

டெஸ்ஸார்ல பூஞ்சை இல்லை, ஓரத்துல ஒரு காத்துக்குமிழி மட்டும் இருக்கு. பிளைவுட்ல பலகை அறுத்து மாட்டினேன். மச்சினனை வெச்சு எக்ஸ்ரே ஷீட்ல மூடியைத் தூக்கிப் பழகினேன். ஆறாவது ஷீட்லதான் கை ஆடாம வந்துது. வைகைக்கரை சொன்னது நிஜம், சீவாம ஒண்ணைச் சொருகிட்டு அதை வெளிய எடுக்கப் பட்ட பாடு தனிக்கதை.

போன ஞாயித்துக்கிழமை எடுத்தேன். முதல் ரெண்டும் நிக்கோர், அடுத்த ரெண்டும் டெஸ்ஸார், எல்லாம் எஃப்பி4. முதல் ஷீட்ல, எடுத்தப்புறம் ஸ்லைடைத் திருப்பிப் போடாமலே ஹோல்டரை உருவிட்டேன். போச்சு. ரெண்டாவது நல்லா வந்திருக்கு, ஊசி மாதிரி கூர்மை. மூணாவதுல நூலைக் கண்ணோரத்துக்குக் கொண்டுபோனதும், "ஏலே, எனக்கென்ன காதுகுத்தா?"ன்னு ஆச்சிக்குச் சிரிப்பு. மூடி மேல இருந்த அந்த ஒரு செகண்டும் வாய் அடங்கல. வாய் மட்டும் கலங்கி, மத்ததெல்லாம் நிக்குது. பாம்படத்துல ஒரு நசுங்கல்கூடத் தெரியுது. காட்டினா, அது எங்கம்மா பல்லு முளைக்கையில கடிச்சதுங்காவ. எனக்கு இந்த ஷீட்தான் பிடிச்சிருக்கு. அரைத்தட்டு அண்ணாச்சி கோவிச்சுக்கக் கூடாது.

நாலாவதை இன்னும் டெவலப் பண்ணல. குழாய்த் தண்ணி 32 டிகிரி இருக்கு. இன்னைக்கு ராத்திரி ஐஸ் வாங்கிட்டு வந்து ஐடி-11 டெவலப்பரைத் தண்ணியோட ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து அதுல போடலாம்னு இருக்கேன். 20 டிகிரிக்கு 11 நிமிஷம்தானே?

கருப்புத்துணி

ஆமா, 11. 20-க்கு இறக்க முடியலைன்னா 24-ல நிறுத்திக்கங்க, எட்டு நிமிஷம் போதும். கழுவுற தண்ணியும் அதே சூட்டுல இருக்கட்டும். ஐஸை டெவலப்பருக்குள்ள போட்டுறாதீங்க தம்பி, வெளித்தொட்டியில போடுங்க.