பொருள்: மேனிஃபோல்டுக்குத் தமிழ்ச்சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

1970களில் டாட்ஜ் நிறுவனத்தின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்ட வீட்டு வண்டிகளை (மோட்டார்ஹோம்) தாமே பழுதுபார்ப்போருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் எரிந்த வாயுவை ஒரே குழாயில் சேர்க்கும் வார்ப்பிரும்புப் பாகத்தை, அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, எவ்வாறு சொல்வது? ‘பன்மடி’ என்று எழுதினால் ‘பல மடங்கு’ என்றே படிப்பவர் கொள்வார். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்கு ‘முறுக்குவிசை மாற்றி’ போதுமா என்பதையும் தெரிவியுங்கள்.

மறுமொழி 1

‘புகைத்தூம்பு’ என்பதே என் பரிந்துரை. தூம்பு என்றால் உள்துளையுடைய குழல்; ஏரி நீரை வெளிவிடும் மதகுக்கும் அதுவே பெயர். மலைபடுகடாம் அடுக்கிச் சொல்லும் இசைக்கருவிகளுள் தூம்பும் ஒன்று. களிறு மூச்சுவிடுவதுபோல் ஒலிப்பது அது. எட்டு சிலிண்டர் எஞ்சினின் வெளிமூச்சுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம் மரபில் கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

மறுமொழி 2

தூம்பு அழகான சொல்தான். ஆனால் வண்டிக்கடியில் கைவிளக்குடன் படுத்திருப்பவருக்கு அது எந்தப் பாகத்தையும் காட்டாது. மேனிஃபோல்டின் கடைசி போல்ட் துருப்பிடித்து, தலை உடைந்து நிற்கும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வாயுக்கசிவு ‘டிக் டிக்’ என்று கேட்டு, இரும்பு சூடேறி விரிந்ததும் அடங்கிவிடும். அடங்கியதால் சரியாகிவிட்டதென்று எண்ணுவது ஆபத்து: இவ்வண்டிகளில் எஞ்சின் மூடி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கசியும் கார்பன் மோனாக்சைடு படுக்கையறை வரை வரும், அதற்கு மணமும் இல்லை. உயிர்காக்கும் எச்சரிக்கையில் அகராதி தேட வைக்கும் சொல் வேண்டாம். ‘புகை திரட்டு குழாய்’ என்று எழுதுங்கள்.

மறுமொழி 3

‘திரட்டு’ பெயர்ச்சொல்லானால் ‘திரட்டுக்குழாய்’ என்று வலி மிகும்; வினைத்தொகையானால் ஊறுகாய், சுடுகாடு போல் மிகாது. திரட்டிய, திரட்டுகின்ற, திரட்டும் குழாய் என மூன்று காலமும் பொருந்துவதால் இது வினைத்தொகையே என்பது என் துணிபு. டார்க் கன்வர்ட்டரைச் சிலர் ‘பெருக்கி’ என்கிறார்கள். வண்டி கிளம்பும்போது மட்டுமே அது விசையைப் பெருக்குகிறது, வேகம் கூடியபின் எண்ணெய் வழியே சுழற்சியைக் கடத்துவதோடு சரி. ஆகவே ‘மாற்றி’ இருக்கட்டும்.

மறுமொழி 4

மாற்றியில் எனக்கு மறுப்பில்லை, முறுக்கில்தான். ஈரத்துணியைப் பிழிவது முறுக்கு. தண்டைச் சுழற்றுவது திருப்புவிசை. இயற்பியலில் இவ்விரண்டையும் பிரித்துக் கற்பித்துவிட்டு, கையேட்டில் மட்டும் குழப்பலாமா?

முதல் மடலாளரின் பதில்

அனைவருக்கும் நன்றி. ஐவர் தனிமடலில் ஆதரித்ததால் ‘புகை திரட்டு குழாய்’ என்றே ஒப்படைக்கிறேன். முதல் வருகையில் மட்டும் ‘மேனிஃபோல்ட்’ உடன் வரும். ‘முறுக்குவிசை மாற்றி’ இப்போதைக்கு நிற்கிறது: கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தாலும், மாற்றியில் வடிதிருகு (எண்ணெயை வடிக்கும் திருகு) இல்லாத வண்டிகளில் பெரும்பகுதி அதற்குள்ளேயே தங்கிவிடும் என்ற குறிப்பை அச்சொல்லை வைத்தே எழுதிவிட்டேன்.

மறுமொழி 4 எழுதியவரிடமிருந்து

ஒப்படையுங்கள். ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது திருப்புவிசையை மீண்டும் எழுப்புவேன் என்பதைக் குழு குறித்துக்கொள்ளட்டும். தூம்பையும் கைவிடவேண்டாம், சைலன்சருக்குப் பின்னால் வரும் நெடுங்குழாய்க்கு இன்னும் பெயரிடவில்லை.