நாட்டிங்ஹாம் பக்கம் பார்க்க ஒரு பழைய ஊர்?

ஊர்சுத்தி: ரெண்டு மாச வேலையா நாட்டிங்ஹாம் வந்திருக்கேன். கோட்டை, ராபின் ஹுட் சிலை எல்லாம் முதல் வாரமே பார்த்தாச்சு. அரைநாள்ல போய் வர மாதிரி ஒரு கிராமம் சொல்லுங்க. அப்பா விவசாயி, போட்டோ கேட்டுக்கிட்டே இருக்கார்.

பொழிக்காட்டான்: அப்பா விவசாயின்னா லாக்ஸ்டன் போங்க தம்பி. டக்ஸ்ஃபோர்ட் பக்கம். ஊருக்குள்ள பெருசா ஒண்ணும் இல்லீங்க: செங்கல் பண்ணை வீடுக, ஒரு சர்ச், ஒரு பப், நார்மன் காலத்துக் கோட்டை நின்ன மண்மேடு. விசேஷம் வயல்லதான். இங்கிலாந்து பூரா 18, 19ஆம் நூற்றாண்டுல பொது வயல்காடுகளை வேலி போட்டுப் பிரிச்சுட்டாங்க. இந்த ஊர்ல மட்டும் வெஸ்ட், சவுத், மில்னு மூணு பெரிய காடு வேலியில்லாம கிடக்குது. ஒவ்வொரு குடியானவருக்கும் மூணுலயும் பட்டை பட்டையா நிலம். ஒரு காட்டுல குளிர்காலக் கோதுமை, ஒண்ணுல வசந்தகால வெள்ளாமை, ஒண்ணு தரிசு. மறுவருஷம் சுத்தி வரும்.

நவம்பர் கடைசியில ஜூரிங்கிற ஊர்க் குடியானவங்க குழு கோதுமைக் காட்டை நடந்து பார்த்து, எல்லைக்கு முளைக்குச்சி அடிக்கும். ஓரத்துப் புல்தரை பொது. அதுல ஒரு சால் சேர்த்து ஓட்டியிருந்தா அபராதம். ஒரு வாரம் கழிச்சு கோர்ட் லீட்ங்கிற பழைய காலத்து ஊர் நீதிமன்றம் கூடி அதை உறுதி பண்ணும், டவ்கோட் இன்ங்கிற அந்த பப்லயே! வயல் எல்லைப் பொழியைத் தள்ளிப் போட்டான்னு எங்க பங்காளிக ரெண்டு தலைமுறையா கோர்ட்டுக்கு அலையறாங்க. அதை நினைச்சு அங்க நின்னு சிரிச்சுட்டேன்.

மழைக்கோட்டு: இந்த ஊர் மட்டும் எப்படிங்க தப்பிச்சுது?

பொழிக்காட்டான்: நல்ல எண்ணத்துல இல்லீங்க. மான்வர்ஸ், ஸ்கார்பரோன்னு ரெண்டு பிரபுக்களுக்கு அங்க நிலம். பிரிச்சுக்கிறதுல ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலை, அப்படியே நின்னுடுச்சு. 1952ல விவசாய அமைச்சகம் வாங்குச்சு, 1981ல அரசச் சொத்துக்களைப் பார்த்துக்கிற கிரவுன் எஸ்டேட்டுக்குப் போச்சு, 2020ல தோர்ஸ்பி எஸ்டேட்ங்கிற தனியார் எஸ்டேட் வாங்குச்சு. கை மாறினாலும் ஜூரி நிக்கலை. 1635ல மார்க் பியர்ஸ்ங்கிற நில அளவைக்காரர் போட்ட வரைபடத்துல ரெண்டாயிரத்துக்கு மேல பட்டைக இருக்குது. பின்னாடி சேர்த்துச் சேர்த்து இப்ப ரொம்பக் குறைஞ்சுடுச்சு.

ஊர்சுத்தி: அப்பாகிட்ட சொன்னேன் அண்ணா. "அபராதம் எவ்வளவு?"ன்னுதான் முதல்ல கேட்டார்.

பொழிக்காட்டான்: பேருக்குத்தான் தம்பி, சில்லறைக் காசு. ஜூரி நாள்ல போறீங்கன்னா பூட்ஸ் போட்டுக்கங்க. களிமண்ணு, காலை விடாது.