மைக்ரோ டெசே: விந்தணுவை முதலில் எடுத்து உறைய வைப்பதா, முட்டை எடுக்கும் அன்றேவா?

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. எனக்கு 36, மனைவிக்கு 32, கல்யாணமாகி 6 வருடம். பிரச்சினை என்னிடம்தான், விந்தில் ஒரு அணுகூட இல்லை. முதல் ரிப்போர்ட்டை அஸ்தம்பட்டியில் டீக்கடை வாசலில் பிரித்தேன், எண்ணிக்கைக்கு நேராக ‘நில்’ என்று இருந்தது, தமிழில் படித்தாலும் சரிதான், அப்படியே நின்றுவிட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடி கொடுத்தேன், சுழற்றி அடியில் படிந்ததையும் பார்த்தார்கள், அதே கதை. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் 19, அதிகம்; ஸ்கேனில் விரைகள் சிறியவை. அடைப்பு இல்லை, உற்பத்தியிலேயே கோளாறு என்கிறார்கள். ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப்சி என்ற பகுதி இல்லையாம், மகன் பிறந்தால் இந்தக் குறை அவனுக்கும் போகும். ஒரு வருடம் மாத்திரை, அப்புறம் லேகியம், எல்லாம் ஆச்சு.

இனி மைக்ரோ டெசே, அதாவது மைக்ரோஸ்கோப் வைத்து விரையிலிருந்தே அணுவைத் தேடி எடுக்கும் ஆபரேஷன்; அணு கிடைத்தால் இக்சி, அதை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது. முட்டை எடுக்கும் அன்றே எனக்கும் ஆபரேஷன் என்கிறார் டாக்டர். ஒன்றும் கிடைக்காவிட்டால், ஐஸ் டப்பாவில் வைத்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுவந்து அவள் வயிற்றில் பத்து நாளைக்கு மேல் போட்டுக்கொண்ட ஊசியெல்லாம் வீண். முன்கூட்டியே எனக்குச் செய்து உறைய வைத்தால், கிடைக்கிற நாலைந்து அணுவும் உருக்கும்போது பிழைக்காமல் போகலாம்.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள், நீங்கள் எந்த வழியில் போனீர்கள், ஏன்?