காலையில் மட்டும் இறங்க மறுக்கும் கார் ஷெட் ஷட்டர் (ஊட்டி) – உதவி தேவை

காந்தல்காரி:
வணக்கம். வீடு ஊட்டி காந்தலில். கார் ஷெட்டுக்கு 9 அடி அகலம், 8 அடி உயரத்தில் ரோலிங் ஷட்டர். முதலில் கையால் தூக்குகிற ஷட்டர்தான். அப்பாவுக்கு 74 வயது, குனிந்து தூக்க முடியவில்லை என்று போன ஜூனில் ஷட்டர் சுருளும் மேல் பைப்பின் நடுவில் மோட்டார் (சென்டர் மோட்டார்) வைத்து ரிமோட் போட்டோம். இரண்டு பக்கமும் சென்சார் கண் உண்டு, குறுக்கே யாராவது வந்தால் ஷட்டரைத் திரும்ப மேலே அனுப்பிவிடும்.

ஒரு மாதமாகத் தொல்லை. காலை 7 மணிக்கு முக்கி முனகித்தான் மேலே போகிறது. காரை வெளியே எடுத்துவிட்டு இறக்கினால் பாதியில் நின்று திரும்ப மேலே ஏறிவிடுகிறது. நாலைந்து தடவை முயன்றால் மோட்டார் சூடாகிப் படுத்துவிடும், கால் மணி நேரம் கழித்துத்தான் உயிர் வரும். 11 மணி வெயிலுக்குப் பிறகு ஒரு வம்பும் இல்லை, சமர்த்தாக இறங்குகிறது.

துருநீக்கி ஸ்பிரே அடித்தேன். ஷட்டர் ஓரம் ஓடுகிற சேனலில் கிரீஸ் தாராளமாக அப்பினேன். அதற்குப் பிறகு இன்னும் மோசம். மோட்டார் பொருத்தியவரைக் கூப்பிட்டால், "சென்சார் ஒயரைக் கழற்றி இரண்டையும் முறுக்கி விடுங்க, சரியாகிடும்" என்று போனிலேயே வைத்தியம் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஷெட் வாசலில்தான் பந்து விளையாடும். எனக்குக் கை வரவில்லை. என்ன செய்யலாம்?

குன்னூர் குளிர்:
அந்த ஒயரில் கை வைக்காதீர்கள். காலையில் மட்டும் வருகிறது என்றால் கண்ணில் பனி படிந்திருக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். உலர்ந்த பருத்தித் துணியால் இரண்டு கண்ணாடியையும் துடைத்துவிட்டு இறக்கிப் பாருங்கள். சிலந்திக்கு அந்த மூலை ரொம்பப் பிடிக்கும், அதையும் பாருங்கள்.

காந்தல்காரி:
இன்று துடைத்தேன். முதல் தடவை முக்கால்வாசி இறங்கியது, அப்புறம் திரும்பிவிட்டது. முழுக் குணம் இல்லை.

மேட்டுப்பாளையம் ஷட்டர்:
அக்கா, நான் இருபது வருஷமாக இந்த வேலைதான். மலைக்கும் வந்து மாட்டுவேன். மோட்டாரை விட்டுவிட்டு முதலில் ஷட்டரைப் பாருங்கள். மோட்டார் நல்லதோ கெட்டதோ, ஷட்டர் கையில் இலேசாக ஓடவேண்டும். அது ஓடாதபோது மோட்டாரைத் திட்டிப் பயனில்லை.

ஷட்டரை முழுக்க இறக்கி வைத்துவிட்டு, மோட்டாரின் பிடியை விடுவிக்க, சுவரோரம் தொங்கும் ரிலீஸ் கேபிளை இழுத்துவிடுங்கள். இறக்கி வைத்த பிறகுதான். மேலே சுருண்டிருக்கும்போது இழுத்தால், ஸ்பிரிங் போயிருந்தால் மொத்த எடையும் தலையில் இறங்கும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அப்புறம் நல்ல உடம்புள்ள இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இடுப்பளவு தூக்கி, கையை முழுக்க எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்திப் பார்க்கட்டும். அடிப்பட்டைக்குக் கீழே கால் இருக்கக்கூடாது. பட்டைகளின் இடுக்கில் விரல் வைக்கவே கூடாது. அப்பா வேண்டாம்.

அந்த உயரத்தில் அப்படியே நிற்கிறதா, கீழே போகிறதா, ஒரு பக்கம் மட்டும் சாய்கிறதா? ஒரு மாதத்துக்கு முன்னால் ஷெட் பக்கம் ஏதாவது பெரிய சத்தம் கேட்டதா?

காந்தல்காரி:
தம்பியும் அவன் நண்பனும் தூக்கினார்கள். நிற்கவே இல்லை, தொப்பென்று கீழே போகப் பார்த்தது. இடது பக்கம் முதலில் இறங்குகிறது. தம்பி சொல்கிறான், முன்னால் ஒற்றைக் கையால் தூக்குவானாம்.

சத்தமா? இருங்கள்... கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாளோ என்னவோ, ராத்திரி 'டங்'கென்று ஒரு சத்தம். காட்டெருமைதான் கேட்டை முட்டிவிட்டது என்று அப்பா டார்ச் எடுத்துக்கொண்டு போனார். ஒன்றும் இல்லை. அதை நாங்கள் மறந்தே போனோம்!

மேட்டுப்பாளையம் ஷட்டர்:
காட்டெருமை பாவம், அக்கா. அது உங்கள் ஸ்பிரிங்.

மேலே பைப்பில் ஸ்பிரிங் பெட்டி எத்தனை என்று கீழிருந்தே பாருங்கள். இந்த அகலத்துக்குச் சாதாரணமாக மூன்று இருக்கும். உள்ளே சுருட்டி வைத்த இரும்புப் பட்டைதான் ஷட்டரின் எடையைச் சுமக்கிறது. மெல்லிய 20 கேஜ் தகட்டு ஷட்டர் என்றாலும் இந்த அளவுக்கு 70 கிலோ பக்கம் வரும். மூன்றில் ஒன்று அறுந்தால் அதன் பங்கான 20 கிலோ சொச்சத்தைச் சுமக்க ஆளில்லை. அதை இப்போது உங்கள் மோட்டார் சுமக்கிறது. அதனால்தான் சூடாகிப் படுக்கிறது. சூடானால் நின்றுகொள்ள அதற்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அது தன் வேலையைச் செய்கிறது.

மலையில் ஸ்பிரிங் சீக்கிரம் போவதற்குக் காரணம் ஈரம்தான். பெட்டிக்குள் ஈரம் இறங்கி, பட்டையில் துரு ஏறி, துருப்பிடித்த இடத்திலேயே ஒருநாள் அறுந்துவிடும்.

இனி சென்சார். அதை எதில் முடுக்கியிருக்கிறார்கள், சேனலிலா சுவரிலா?

காந்தல்காரி:
சேனலில்தான். முழங்கால் உயரத்தில். பெட்டி மூன்று என்று தம்பி எண்ணிச் சொன்னான்.

மேட்டுப்பாளையம் ஷட்டர்:
நினைத்தேன். ஷட்டர் ஒரு பக்கம் சாய்ந்து இறங்கும்போது சேனலை உலுக்குகிறது. சேனலோடு சேர்ந்து கண்ணும் ஆடுகிறது. பகலில் கண்ணாடி தெளிவாக இருப்பதால் கொஞ்சம் ஆடினாலும் எதிர்க் கண்ணுக்கு ஒளி போய்ச் சேர்கிறது. காலையில் பனி படிந்து ஏற்கனவே மங்கல். அந்த நேரத்தில் சின்ன ஆட்டமும் தாங்காது, யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்று நினைத்து ஷட்டரை மேலே அனுப்பிவிடுகிறது. குன்னூர்க்காரர் சொன்னது பாதி சரி, மீதிப் பாதி ஸ்பிரிங்.

ஒயரை முறுக்கச் சொன்னது எனக்குக் கோபம் வருகிற விஷயம். இந்த மாதிரி சென்டர் மோட்டாரில் பெரும்பாலும் எதிலாவது இடித்தால் திரும்பும் வசதியே கிடையாது. கண் ஒன்றுதான் காவல். அதையும் குருடாக்கினால் கீழே பிள்ளை நிற்கிறதா பந்து கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் 1993 முதல், வீட்டுக்கென்று புதிதாகச் செய்யும் மோட்டார்களுக்கு ஆள் சிக்காமல் தடுக்கும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். அங்கே கண்ணைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் வைக்கமாட்டார்கள். முழங்கால் உயரத்தில் வைத்தால் தவழும் குழந்தை அடியில் போய்விடுமே. உங்களுடையதையும் சேனலிலிருந்து கழற்றி, சுவரில் ஆணியடித்து, தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு சின்னத் தகரக் கூரை போட்டால் பனியும் குறையும்.

கிரீஸ் விஷயம்: சேனலில் கிரீஸ் போடவே கூடாது. குளிரில் அது அல்வா மாதிரி இறுகும், போதாததற்கு மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்து, சிலிகான் ஸ்பிரே கொஞ்சமாக அடியுங்கள், போதும். கிரீஸ் பேரிங்குக்கு மட்டும். துருநீக்கி ஸ்பிரே ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும். எண்ணெயின் வேலையை அது நாள்பட செய்யாது.

ஸ்பிரிங்கை மட்டும் யாரும் தொட வேண்டாம். தம்பிக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். அறுந்தது ஒன்று, இன்னும் இரண்டு முறுக்கோடு இருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தினால் அந்த முறுக்கு ஒரேயடியாக அவிழும், ஸ்பேனரோடு மணிக்கட்டும் போகும். என்னோடு வேலை செய்தவர் ஒருவருக்கு இரண்டு விரல் அப்படித்தான் போயிற்று. ஆள் வரும்வரை ஷட்டரைக் கீழேயே வையுங்கள், காரை வெளியே விடுங்கள்.

கோத்தகிரி மில்லத்துக்காரன்:
வெளியே காரை விடுங்கள், ஷட்டரைப் பாதியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஷெட்டில் பூஞ்சை வாடை என்று நாங்கள் ஒன்றரை அடி தூக்கி வைத்துத் தூங்கினோம். ராத்திரி கரடி உள்ளே புகுந்து, எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, புண்ணாக்கு மூட்டையைக் கிழித்து, தரையெல்லாம் கோலம். காற்றுக்கு வேண்டுமானால் சுவரில் உயரமாகக் கம்பி வலை போட்ட சன்னல் வையுங்கள்.

இன்னொன்று. சைடு பூட்டைப் போட்டுவிட்டு மறந்துபோய் ரிமோட்டை அழுத்தினான் என் மகன். கீழே பூட்டு பிடிக்கிறது, மேலே மோட்டார் இழுக்கிறது. நாலு பட்டை கிழிந்தது. மோட்டார் வைத்த அன்றே அந்தப் பூட்டைக் கழற்றியிருக்க வேண்டும்.

காந்தல்காரி:
கரடிக்குப் பயந்துதான் காலையில் ஷட்டரைப் பாதியாவது இறக்கி வைத்துவிட்டு, உள்ளேயே காரை ஓடவிட்டுச் சூடாக்குவேன். இந்த உறைபனியில் கண்ணாடி தெளிய பத்து நிமிஷமாவது ஆகிறது.

கொடை நாயுடுபுரம்:
ஐயோ, அம்மா, அதை நாளைக்கே நிறுத்துங்கள். ஷட்டர் பழுதைவிட இது பெரிய ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, மயக்கம். குளிரில் வந்த தலைவலி என்று நினைத்துக்கொண்டிருப்போம். பாதி திறந்திருக்கிறது என்பது போதாது. காரை வெளியே கொண்டுவந்த பிறகு சூடாக்குங்கள். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போக ஒரு கதவு இருந்தால் அதையும் மூடி வையுங்கள்.

எங்கள் வீட்டில் மோட்டாரெல்லாம் இல்லை, பழைய இரட்டை மரக்கதவு. மழையில் ஊதிக்கொண்டு இழுக்காது, வெயிலில் சந்து விடும். அந்தந்த வீட்டுக்கு அந்தந்த வம்பு.

காந்தல்காரி:
ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவு இருக்கிறது. பாதி நாள் திறந்தேதான் கிடக்கும். இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

காந்தல்காரி (ஒரு வாரம் கழித்து):
குன்னூரிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டியைப் பிரித்தபோது இடது ஓரத்து ஸ்பிரிங் இரண்டு துண்டு. அறுந்த இடத்தில் பாதி அகலத்துக்குக் கறுப்புத் துரு, மீதிப் பாதி புது இரும்பு மாதிரி பளபளப்பு. ரொம்ப நாளாக விரிசல் இருந்திருக்கிறது என்றார். மற்ற இரண்டும் அதே வயது என்பதால் மூன்றையும் மாற்றிவிட்டோம். இடுப்பளவில் விட்டால் ஷட்டர் இப்போது அப்படியே நிற்கிறது. சேனலில் நான் அப்பிய கிரீஸை அவர் சுரண்டி ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சென்சார் சுவருக்குப் போய்விட்டது, தரையிலிருந்து 5 அங்குலம். அட்டைப் பெட்டியைக் குறுக்கே தள்ளிப் பார்த்தேன், உடனே மேலே போகிறது. ரிமோட்டை ஆணியில் உயரமாக மாட்டியாயிற்று. மின்சாரம் போனால் கேபிளை எப்படி இழுப்பது என்று அப்பாவுக்கும் காட்டியாயிற்று, கீழே இறங்கியிருக்கும்போது மட்டும் என்று மூன்று தடவை சொல்லி.

ஒரே ஒரு பிரச்சினை. எங்கள் பூனை காலை வெயிலுக்கு அந்த வாசலில் வந்து படுக்கிறது. முன்பு கண்ணுக்குக் கீழே இருந்ததால் தெரியவில்லை. இப்போது அது எழுந்து போகிறவரை ஷட்டர் இறங்க மாட்டேன் என்கிறது.

மேட்டுப்பாளையம் ஷட்டர்:
அது பழுது இல்லை, அக்கா. அப்படியே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை அட்டைப் பெட்டி வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று இருந்தேன், உங்களுக்குத் தினமும் பூனையே பார்த்துவிடுகிறது.