அனுமானக் கேள்வியில் கடைசி இரண்டு விடைகளுக்கு இடையே திணறுகிறேன்: விளக்கம் தேவை

கேட்பவர் (தேவகோட்டை):
வணக்கம். சட்டப் படிப்புச் சேர்க்கைக்கான கிளாட் தேர்வுக்குப் படித்து வருகிறேன். மொத்தம் 120 கேள்விகளில் 22 முதல் 26 கேள்விகள் வரை தர்க்கப் பகுதியில் வருகின்றன. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும் என்பதால் இந்தத் திணறல் மிகவும் உறுத்துகிறது. பயிற்சி வகுப்பில் தந்த கேள்வி இது:

"ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடியின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தப்படுகிறது, சூளையில் சுடப்படுவதில்லை. ஆகவே அதற்கு ஆகும் மொத்த எரிபொருள், சுட்ட டைல்ஸுக்கு ஆவதைவிடக் குறைவு." இந்த வாதம் எந்த அனுமானத்தைச் சார்ந்து நிற்கிறது?

(அ) அதில் சேரும் சிமெண்டைத் தயாரிக்க ஆகும் எரிபொருள், சுட்ட டைல்ஸுக்கு ஆகும் எரிபொருளை மிஞ்சாது.
(ஆ) வெயிலில் உலர்த்தும் எந்தப் பொருளுக்கும் எரிபொருள் தேவையில்லை.

நான் (ஆ) என்றேன். விடைக்குறிப்பு (அ) என்கிறது. (ஆ) உண்மையானால் முடிவு அப்படியே உறுதியாகிவிடுகிறதே?

பதில் (காரைக்குடி, சட்ட மாணவி):
தம்பி, முடிவை உறுதியாக்குவது எது என்று இங்கே கேட்கவில்லை. எது இல்லாவிட்டால் வாதம் விழும் என்று கேட்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பாருங்கள். சிமெண்டும் சூளையில் சுட்டுத்தான் வருகிறது. அதற்கே கூடுதல் எரிபொருள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முடிவு நிற்க வழியே இல்லை.

கேட்பவர்:
மறுத்துப் பார்த்தேன், அக்கா. 'வெயிலில் உலர்த்தும் எல்லாப் பொருளுக்கும் எரிபொருள் ஏராளமாக வேண்டும்' என்று (ஆ)வை மாற்றினால், அப்போதும் வாதம் ஆட்டங்காணுகிறதே?

பதில் (கானாடுகாத்தான், ஓய்வுபெற்ற கணக்காசிரியர்):
தம்பி, நீங்கள் மறுத்த விதத்தில்தான் பிழை இருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுக்கும் போய் வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க அவர் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை என்று காட்ட வேண்டியதில்லை; அவற்றில் இரணியூர் ஒன்றை விட்டிருந்தாலே போதும். அதுபோல (ஆ)வின் மறுப்பு, 'வெயிலில் உலர்த்தும் ஏதேனும் ஒரு பொருளுக்காவது எரிபொருள் தேவை' என்பது மட்டுமே. அந்தப் பொருள் ஆத்தங்குடி டைல்ஸாகவே இருக்கட்டும். சுட்ட டைல்ஸைவிடக் குறைவாக ஆகும் வரை முடிவுக்குக் குறையில்லை. 'ஏராளமாக' என்ற சொல்லும் நீங்களாகச் சேர்த்தது. 'எந்த', 'எல்லா' என்று வரும் விடையைக் கண்டதும் அடித்துவிடவும் வேண்டாம். முடிவை உறுதியாக்குவது எது என்று கேட்கும் இடத்தில் அதுவே சரியான விடையாக அமையலாம்.

கேட்பவர்:
மிக்க நன்றி, ஐயா. சென்ற மாதிரித் தேர்வில் தவறிய மூன்று கேள்விகளை இப்படியே மறுத்துப் பார்த்தேன். இரண்டு தெளிவாகிவிட்டன; மூன்றாவதில் பத்தியின் முடிவையே தவறாகப் படித்திருந்தேன்.