புதுப்பிப்பு: 38 வயதில் ஜூடோ, சேர்ந்தாச்சு

இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: 38 வயது, விளையாட்டுப் பழக்கம் இல்லை, கீழே விழப் பயம், வீட்டில் கிடக்கும் கராத்தே உடை போதுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எங்கள் பகுதி கிளப்பில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. கைகொடுத்தது, "முதலில் குந்தியபடி விழப் பழகுங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனைதான். மாஸ்டரும் அதையே செய்யவைத்தார்: குந்தி உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்னால் உருண்டு, முதுகு பாயில் படும்போதே இரு கைகளாலும் பாயை ஓங்கி அறைய வேண்டும். உகெமி என்கிறார்கள். தலை மோதாது, விழும் வேகமும் கைகளுக்குப் பிரிந்துவிடும். மூன்று வாரம் இதே வேலை, சலிப்புதான், ஆனால் ஒசோதோ காரி என்ற வீழ்த்தும் உத்தியில் முதல் தடவை என் காலை வாரிச் சாய்த்தபோது பயம் வரவில்லை.

கராத்தே உடை? இரண்டாவது வகுப்பிலேயே தோளில் கிழிந்தது. ஜூடோகி, அதாவது ஜூடோ உடை, கெட்டித் துணி, அதையே வாங்குங்கள். எதிர்பாராதது விரல் வலி. காலரைப் பிடித்துப் பிடித்து மறுநாள் காலையில் காபி டம்ளர்கூடக் கனக்கிறது. அப்புறம், நகம் வெட்டாமல் போனால் பாயில் ஏற விடமாட்டார்கள், நான் ஒரு நாள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன்.