பைனாகுலரின் உள்ளே படரும் மூட்டம்: வழி தெரிந்தவர்கள் உதவவும்

பூங்காக்களிலும் இயற்கை நடைபாதைகளிலும் விடியற்காலையில் பறவை பார்க்க நான் பயன்படுத்தும் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்பக்க லென்ஸ் கொண்ட) பைனாகுலரின் வலப்பக்கக் குழலில், முன்பக்க லென்சுக்கு உள்ளே ஈரம் படர்ந்து காட்சியை மறைக்கிறது. நேர்க்குழல் அமைப்புடைய, உள்ளே ஈரம் புகாதபடி நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்படாத மாதிரி அது.

சென்ற மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பாதையில் நனைந்த பிறகு இது தொடங்கியது. வெயில் ஏறியதும் மறையும் மூட்டம் மறுநாள் காலைக் குளிரில் திரும்பிவிடுகிறது. நீரோரக் கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கும் மீன்கொத்தி, இடக்கண்ணுக்கு அலகின் நுனிவரை துலங்க, வலக்கண்ணுக்கு வெறும் நீலத் திட்டாகத் தெரிகிறது. பறவைகள் சுறுசுறுப்பாக இரைதேடும் நேரமே அதுதான் என்பதால் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துப் பார்த்தேன். மூட்டம் குறைந்ததே தவிர நீங்கவில்லை. வெப்பம் உள்ளிருக்கும் பசையையும் கிரீசையும் இளக்கிவிடக்கூடும் என்பதால் ஹேர் டிரையரை நாடவில்லை. டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சியபோது லென்சின் ஓரத்தில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தன. அது பூஞ்சையானால் நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதாகக் கூறி, தயாரிப்பு நிறுவனம் பழுதுபார்க்க மறுத்துவிட்டது.

இரு குழல்களின் நேர்கோட்டு அமைப்புக் குலைந்து காட்சி இரண்டாகத் தெரியாதபடி, முன்பக்க லென்சை மட்டும் வீட்டிலேயே கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துவது எப்படி?